செல்லுக்குள் தயாராகும் புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பெராக்சிசோமுக்கும் எப்படிப் போய்ச் சேருகின்றன?

நம் செல்களில் புரதங்கள் பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில், அதாவது செல்லின் பொது இடத்தில், தயாராகின்றன. அங்கிருந்து ஒரு புரதம் தனக்குரிய நுண்ணுறுப்புக்குள், அதாவது செல்லுக்குள் தனி வேலை செய்யும் ஒரு சிறு பகுதிக்குள், நுழைவதுதான் புரத இறக்குமதி. சரி, எங்கே போகவேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? முகவரி அந்தப் புரதச் சங்கிலியிலேயே இருக்கிறது. இதைக் கண்டறிந்த உயிரியலாளர் குந்தர் புளோபலுக்கு 1999இல் நோபல் பரிசு கிடைத்தது.

செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும் பல புரதங்களில் முகவரி முன்முனையில் இருக்கும். ஆனால் வாசல் மிகக் குறுகல். மும்பை மாட்டுங்காவில் பழைய கட்டடத்து மாடிவீட்டுக்குக் கட்டில் ஏற்றியவர்களுக்கு இது புரியும்: கழற்றிக் கொண்டுபோய், அப்புறம் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். புரதமும் மடிப்புக் கலைந்து நூல்போல நீண்டுதான் இரண்டு சவ்வுகளின் துளைகளையும் கடக்கிறது. உட்சவ்வின் மின்னழுத்தமும் ஏடிபி என்ற மூலக்கூறு தரும் ஆற்றலும் அதை உள்ளே இழுக்கின்றன. பிறகு முகவரி வெட்டப்படும்; புரதம் மீண்டும் மடியும்.

கொழுப்பு அமிலங்களைச் சிதைக்கும் நுண்ணுறுப்பான பெராக்சிசோம் எனக்கு இதைவிட வியப்பு. அங்கே முழுதாக மடிந்த புரதமே அப்படியே நுழைந்துவிடும்! முகவரி பெரும்பாலும் பின்முனையில் உள்ள மூன்று அமினோ அமிலங்கள். பெக்ஸ்5 என்ற புரதம் அதை அடையாளம் கண்டு அழைத்துவருகிறது. இந்த ஏற்பாடு பழுதானால் செல்வெகர் என்ற கடுமையான பிறவி நோய் வரும்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்த டிஎன்ஏ இருப்பதால் எல்லாப் புரதங்களையும் தானே செய்துகொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள்; மனிதரில் அந்த டிஎன்ஏவைக் கொண்டு உருவாகும் முக்கியப் புரதங்கள் 13தான், மீதி ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வெளியிலிருந்தே வருகின்றன.