பக்கத்து வீட்டு யூதருக்குப் பண்டிகை வாழ்த்துச் சொல்லலாமா?

தங்கச்சி, டொராண்டோவுக்குப் பக்கத்தில் தோர்ன்ஹில்லில் வீடெடுத்திருக்கிறோம், இரண்டு பக்கமும் யூதக் குடும்பங்கள், அவர்களுடைய வருடப்பிறப்புக்கு வாழ்த்துச் சொன்னால் குறை நினைப்பார்களோ, பலகாரம் கொடுக்கலாமோ என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் சொல்லுங்கள். கனகாலமாக, யூதர்கள் நிறைய இருக்கிற பாதர்ஸ்ட் தெருப் பக்கம்தான் இருக்கிறேன். வாழ்த்துக்கு முகம் சுளித்த ஒருவரையும் நான் காணவில்லை.

அவர்களுடைய வருடப்பிறப்பான ரோஷ் ஹஷானாவுக்கு "ஷானா தோவா" (நல்ல வருடம்) என்றால் போதும். அமாவாசையை ஒட்டி வருகிற நாள் அது. 2025இல் எங்கள் நவராத்திரி தொடங்கிய செப்டம்பர் 22 அன்றே பொழுதுபட அவர்களுக்கும் வருடம் பிறந்தது. பொழுதுபடத் தொடங்குவதால் அன்று பகலிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். ஆசாரமான வீடுகளில் பண்டிகை முடியும்வரை தொலைபேசியைத் தொடமாட்டார்கள்.

பலகாரம்தான் யோசிக்க வேண்டிய விஷயம். நாங்கள் சைவம், வீட்டில் சுத்தமாகச் சுட்ட முறுக்குத்தானே என்று நினைப்பீர்கள். கோஷர் என்கிற யூத உணவு விதிகளைப் பார்க்கிறவர்களுக்கு எந்தச் சட்டியில் சுட்டது என்பதும் முக்கியம். அன்பாக வாங்கிவிட்டுச் சாப்பிட முடியாமல் சங்கடப்படுவார்கள். வெட்டாத பழம் கொண்டுபோங்கள். வருகிற வருடம் இனிக்கவேண்டும் என்று ஆப்பிளைத் தேனில் தோய்த்துச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். மாதுளையும் அன்றைக்கு விசேஷம். கடையில் வாங்குவதென்றால் பெட்டியில் 'சி.ஓ.ஆர்' முத்திரை பாருங்கள், டொராண்டோவில் பரவலாக இருக்கிற கோஷர் அடையாளம் அது. இதொன்றும் பார்க்காத குடும்பங்களும் நிறைய, அவர்கள் உங்கள் வடையை ஆசையாக வாங்கிச் சாப்பிடுவார்கள். எந்த மாதிரி வீடு என்று தெரியாவிட்டால் நேரே கேளுங்கள்.

வருடம் பிறந்து பத்தாம் நாள் யோம் கிப்பூர், பாவமன்னிப்பு நாள். அன்றைக்கு "ஹாப்பி" என்று சொல்லிவிடவேண்டாம். ஏறக்குறைய 25 மணி நேரம் தண்ணீர்கூட இல்லாத விரதம். "விரதம் சுகமாக முடியட்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னால் மனம் குளிர்ந்துபோவார்கள். அவர்கள் பண்டிகைகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். கடவுளுக்குச் செய்த பிழையைத்தான் அந்த நாள் தீர்க்கும், மனிதருக்குச் செய்த பிழைக்கு அந்த மனிதரைச் சமாதானப்படுத்தியாகவேண்டும் என்று அவர்களுடைய பழைய சட்டநூலான மிஷ்னா சொல்கிறது. அதனால் விரதத்துக்கு முந்தைய நாட்களில் ஆளையாள் தேடிப்போய் மன்னிப்புக் கேட்பார்கள். கந்தசஷ்டி பிடித்து வளர்ந்த எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது.

உங்கள் வாழ்த்துக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. 2018 ஒக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் யூத ஆலயத்தில் வழிபட வந்த 11 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு இங்கே டொராண்டோவில் முஸ்லிம்களும் மற்றவர்களும் யூத ஆலயங்களைச் சுற்றிக் கைகோர்த்து நின்றார்கள். இன்றைக்கும் பண்டிகை நாளில் அவர்களுடைய கோயில் வாசலில் காவலுக்கு ஆள் நிற்பதைப் பார்ப்பீர்கள். அந்தப் பயத்தோடு போய்வருகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருவது சின்ன விஷயமில்லை.

யோம் கிப்பூருக்கு அடுத்து வரும் பௌர்ணமிக்கு சுக்கோத் என்கிற பண்டிகை தொடங்கும். வளவில் பந்தல் போட்டு, மேலே கிளைகளைப் பரப்பி, ஒரு கிழமை அதற்குள் இருந்து சாப்பிடுவார்கள். விருந்தாளி வருவது அவர்களுக்குச் சந்தோஷம். கூப்பிட்டால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஜாக்கெட்டை மறக்கவேண்டாம், அந்த நேரம் இரவில் நன்றாகக் குளிரும்.