காட்டு யானைப் படங்களில் கண் கூர்மையாக விழ எந்த கேமரா அமைப்புகள் உதவும்?

100–400 மி.மீ. லென்ஸில் எடுத்த காட்டு யானைப் படங்கள் கேமராத் திரையில் நன்றாகத் தெரிந்தும் கணினியில் பெரிதாக்கினால் மங்கிவிடுகின்றன, எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அமைப்புகளுக்குப் போகும் முன், அந்த மங்கிய படங்களை அழித்துவிடாமல் முழு அளவில் திறந்து, மங்கல் எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். யானைக்கு முன்னால் உள்ள புல்லோ பின்னால் உள்ள மரப்பட்டையோ துல்லியமாக இருந்து, யானை மட்டும் மங்கியிருந்தால் ஃபோகஸ் வேறிடத்தில் விழுந்திருக்கிறது. படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா அசைந்திருக்கிறது. உடல் தெளிவாக இருந்து காதோரமும் தும்பிக்கை நுனியும் மட்டும் கலைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. எந்த இடத்திலும் கூர்மை இல்லாமல் விளிம்புகள் நெளிந்திருந்தால் அது கானல், அதாவது சூடான காற்றின் அலைவு. இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு என்பதால், இதைக் கண்டறியாமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

பலரும் ஃபோகஸ் பிழை என்று நினைத்து லென்ஸைக் குறை சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் கானல்தான். வெயிலில் சூடேறிய தரைக்கு மேல் வெப்பமும் அடர்த்தியும் மாறுபட்ட காற்று அலைந்துகொண்டே இருப்பதால், அதனூடே வரும் ஒளி நொடிக்கு நொடி வளைகிறது. தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் டெலி லென்ஸ் யானையைப் பெரிதாக்குவதுபோல அந்த வளைவையும் பெரிதாக்கிவிடுகிறது. எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் இதைத் தடுக்காது. தானியங்கி ஃபோகஸும் இதில் தடுமாறும். சூரியன் எழுந்த முதல் ஓரிரு மணி நேரம், மாலையின் கடைசி ஒளி, மேகம் மூடிய நாள், மழை ஓய்ந்த பொழுது ஆகியவையே தொலைவிலிருந்து நெருக்கமான படம் எடுக்க ஏற்றவை. தரையை ஒட்டிய காற்றில்தான் அலைவு மிகுதி என்பதால், சற்று உயரமான இடத்திலிருந்து எடுப்பதும் ஓரளவு கைகொடுக்கும். உச்சி வெயிலில் யானை வெகு தொலைவில் நின்றால் முகத்தை மட்டும் பிடிக்க முயல்வதை விட்டு, காட்டையும் வானத்தையும் சேர்த்து அகலமாக எடுப்பதே நல்லது. குளிரூட்டிய வண்டிக்குள்ளிருந்து லென்ஸை வெளியே எடுத்தவுடன், அதன் முன்னால் மாட்டிய நிழற்குழலுக்குள்ளேயே (ஹூட்) சூடும் குளிரும் கலந்து சிறு கானல் உண்டாகும் என்பதையும் கவனியுங்கள். ஈரக் காற்றாக இருந்தால் கண்ணாடியில் பனியும் படியும். வெளிக்காற்றின் வெப்பத்துக்கு லென்ஸ் வந்து சேரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

இனி ஃபோகஸ். யானையின் கண் அதன் உடலோடு ஒப்பிடும்போது மிகச் சிறியது. கருத்த தோல் மடிப்புகளுக்கு நடுவில், நீண்ட இமைமயிர்களின் நிழலில் அது பதுங்கியிருக்கிறது. ஃபோகஸ் பகுதியை அகலமாக விட்டுவிட்டால் கேமரா பெரும்பாலும் அருகில் இருக்கும் பொருளையும் ஒளி வேறுபாடு மிகுந்த விளிம்பையும் நாடும் என்பதால், தந்தத்தையோ தும்பிக்கையையோ குறுக்கே நிற்கும் புல்லையோ பிடித்துக்கொள்கிறது. விலங்கின் கண்ணைத் தானே கண்டறியும் வசதி உள்ள புதிய கேமராக்களும் யானையிடம் சில நேரம் ஏமாந்துவிடுகின்றன. ஆகவே ஒற்றைப் புள்ளியையோ மிகச் சிறிய பகுதியையோ தேர்ந்தெடுத்து, யானை நகர நகரத் தானே சரிசெய்துகொள்ளும் தொடர் ஃபோகஸில் வையுங்கள். கேனானில் அதன் பெயர் சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. கண்ணையே பிடிக்க முடியாதபோது கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட சுருக்கங்களின் மேல் புள்ளியை வைக்கலாம். யானை பக்கவாட்டில் நிற்கும்போது அந்த இடம் கண்ணிருக்கும் தொலைவிலேயே இருப்பதோடு, கேமரா பற்றிக்கொள்ளத் தேவையான கோடுகளும் அங்கே நிறைய உண்டு. (அதே இடத்தில் மதநீர் வழிந்து கறை படிந்திருக்கும் கொம்பனைக் கண்டால் படத்தை மறந்து விலகிவிடுங்கள்.) ஃபோகஸ் வேலையை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்துப் பின்புறப் பொத்தானுக்கு மாற்றிக்கொள்வதை நான் வலியுறுத்திச் சொல்வேன், ஏனெனில் யானை புதருக்குள் நகரும்போது அந்தப் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டால், குறுக்கே வரும் கிளைக்கு ஃபோகஸ் தாவாது. உங்கள் லென்ஸில் ஃபோகஸ் எல்லையைக் குறைக்கும் விசை இருந்தால், அருகிலுள்ள தொலைவுகளைத் தவிர்க்கும்படி அதைத் தள்ளி வையுங்கள்.

ஷட்டர் வேகத்தில் யானை நம்மை எளிதில் ஏமாற்றும். அசையாமல் நிற்பதாகத் தோன்றும் யானையும் உடல் சூட்டைத் தணிக்கக் காதுகளை வீசிக்கொண்டேதான் இருக்கும். நின்று மேயும் யானைக்கு 1/500 நொடி, காது வீசும்போது 1/1000, மண்ணையோ நீரையோ வாரி இறைக்கும்போதும் குட்டிகள் ஓடி விளையாடும்போதும் 1/1600 முதல் 1/2000 வரை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கையின் அசைவைத்தான் குறைக்கும். யானையின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. கேமராவை மேனுவலில் வைத்து ஷட்டரையும் அப்பர்ச்சரையும் (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு) நீங்களே தீர்மானித்து, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) தானியங்கியில் விட்டுவிடுங்கள். விடியற்காலையில் அது 3200, 6400 என்று ஏறினால் கலங்க வேண்டாம். அதனால் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சலை மென்பொருளால் பெருமளவு நீக்கிவிடலாம், அசைவால் போன கூர்மையை அப்படி மீட்க முடியாது. வண்டியிலிருந்து எடுப்பதானால் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். லென்ஸை வண்டியின் உலோகத்தில் நேரடியாகச் சாய்க்காமல், தானியமோ மணலோ நிரப்பிய துணிப்பையின் மேல் வையுங்கள்.

வெளிச்ச அளவில் ஒரு சிக்கல் உண்டு. படச் சட்டத்தை நிரப்பும் கருந்தோலைப் பார்க்கும் கேமராவின் ஒளிமானி அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயல்வதால் படம் வெளிறிப்போகும், தந்தமும் வானமும் வெண்மையில் விவரமிழக்கும், தோலின் சுருக்கங்களும் தட்டையாகிவிடும். அப்படித் தட்டையான படத்தில் ஃபோகஸ் சரியாக இருந்தாலும் கூர்மை குறைந்ததுபோலவே தோன்றும். சேற்றிலோ நீரிலோ நனைந்து கறுத்த யானைக்கு எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) 2/3 முதல் 1 நிறுத்தம் வரை குறையுங்கள்; ஒரு நிறுத்தம் (ஸ்டாப்) குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். வெளிர்ந்த புழுதி பூசிய யானைக்குக் குறைக்கத் தேவையிருக்காது. கேமரா பதிந்த விவரம் முழுவதையும் சுருக்காமல் வைத்திருக்கும் ரா வடிவத்தில் எடுத்திருந்தால் கண்ணைச் சுற்றியுள்ள நிழலைப் பிறகு மெல்ல உயர்த்திக்கொள்ளலாம்.

அப்பர்ச்சர் எவ்வளவு என்பது யானை நிற்கும் தொலைவைப் பொறுத்தது. பொதுவாகக் கொள்ளும் கணக்குப்படி, ஃபுல் ஃபிரேம் (36 × 24 மி.மீ. சென்சார் உள்ள) கேமராவில் லென்ஸை 400 மி.மீ., அப்பர்ச்சரை எஃப் 5.6 என்று வைத்து 30 மீட்டரில் நிற்கும் யானையை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் 2 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. நேருக்கு நேர் நீட்டிய தும்பிக்கையும் கண்ணும் பின்னால் விரிந்த காதும் ஒருசேரத் தெளிவாக விழ அது போதாது. எஃப் 8 வைத்தால் அந்த ஆழம் ஏறத்தாழ 2.7 மீட்டர் ஆகிறது. அதே எஃப் 8இல் 60 மீட்டருக்குப் பின்வாங்கினால் ஏறத்தாழ 11 மீட்டர் கிடைக்கிறது, தாயும் அதன் அருகில் நிற்கும் குட்டியும் சேர்ந்து அதற்குள் அடங்கிவிடும். அந்தத் தொலைவில் உங்கள் சட்டத்தில் கொள்ளும் பரப்பு 5.4 மீட்டர் அகலமும் 3.6 மீட்டர் உயரமும் என்பதால், முழு யானை ஒன்றே அதை ஏறக்குறைய நிரப்பிவிடும். ஆகவே காற்று தெளிந்த காலைப் பொழுதில் விலகி நிற்பது படத்துக்கும் நல்லது, யானைக்கும் நல்லது. மேய்வதை நிறுத்திக் காதுகளை விரித்து உங்கள் பக்கம் திரும்பி நிற்கும் யானை, நீங்கள் ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று சொல்கிறது. 60 மீட்டரைவிடத் தொலைவில் நிற்கும் யானைக்கு, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டிப் படத்தைப் பெரிதாக்கும் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் பயன்படுத்தலாம்தான், ஆனால் அது ஒரு நிறுத்தம் வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும், ஃபோகஸின் வேகத்தையும் குறைக்கும். குறைந்த ஒளியில் நான் அதைத் தவிர்த்து, கூர்மையாக விழுந்த படத்தைப் பிறகு வெட்டிக்கொள்வதையே தேர்ந்தெடுப்பேன்.