கம்பியில் பழுதில்லை, ஆனாலும் இருள்

கேள்வி: 2012 ஜூலையில் வட இந்தியா இருளில் மூழ்கியபோது தென்மாநிலங்கள் தப்பின. பின்னர் நம்மையும் அதே மின் தொகுப்பில் இணைத்துவிட்டார்கள். தனியாகவே இருந்திருந்தால் பாதுகாப்பு அல்லவா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நியாயமான ஐயம்தான். ஆனால் அன்று நாம் தப்பியதற்குத் தனிமை மட்டுமே காரணமில்லை.

அந்த ஜூலை 30 அதிகாலையிலும் மறுநாள் பிற்பகலிலும் நிகழ்ந்த சரிவுக்குத் தொடக்கமாக அமைந்தது, மத்தியப் பிரதேசத்தின் பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் மின்தடம் துண்டிக்கப்பட்டதே. கம்பி அறுந்துவிடவில்லை, மரமும் சாயவில்லை. துணைமின் நிலையத்தில் காவலுக்கு நிற்கும் தொலைவு ரிலே, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பார்த்து, விடை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால் தொலைவில் எங்கோ குறுக்குச்சுற்று ஏற்பட்டுள்ளதாக எடுத்துக்கொள்ளும். சுமை அளவு மீறி, அழுத்தமும் தணிந்திருந்த அவ்வேளையில், வெறும் சுமையையே பழுதென்று கருதி அது தடத்தைத் துண்டித்துவிட்டது. அந்தச் சுமை பக்கத்துத் தடங்களின்மேல் விழ, அவையும் அடுத்தடுத்து டிரிப் ஆயின. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் சரிந்தன. 60 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் பகுதி இருண்டது.

தெற்கு அப்போது தால்ச்சர்–கோலார் போன்ற நேர்திசை (ஒரே திசையில் பாயும், டி.சி.) மின் இணைப்புகளால் மட்டுமே பிற பகுதிகளோடு இணைந்திருந்தது. அவற்றின் வழியே மின்சாரம் வருமே தவிர, அதிர்வெண்ணின் (மாறுதிசை மின்சாரம், அதாவது ஏ.சி., நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதன்) தடுமாற்றம் வராது. ஆயினும் கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரம் குறைந்தபோது, அதிர்வெண் இறங்கினால் சில பகுதிகளின் சுமையைத் தாமே வெட்டும் ரிலேக்களும், நேர்திசை இணைப்புகளின் மின்னளவை உடனடியாக மாற்றிய கட்டுப்பாடுகளும் கைகொடுத்தன. அதாவது, நம்மைக் காத்ததில் கட்டுப்பாட்டுக்கும் பங்குண்டு.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாகத் தெற்கும் இணைந்தது. ஒரே அளவு மின்சாரத்தை அதே தடிமனுள்ள கம்பியில் 400க்குப் பதில் 765 கிலோவோல்ட்டில் அனுப்பினால், கம்பி சூடாவதால் வரும் இழப்பு கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

இத்தனை பெரிய தொகுப்பைக் கண்காணிக்கும் கருவியின் வேர் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக்கில் அருண் பட்கேயும் ஜேம்ஸ் தார்ப்பும் 1988இல் உருவாக்கிய ஃபேசர் அளவிக் கருவி, ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டு, நெடுந்தொலைவில் உள்ள நிலையங்களின் மின்னலைகளை ஒரே கணத்தில் ஒப்பிடுகிறது. பழைய முறையில் சில நொடிகளுக்கு ஒருமுறை வந்த தகவல், இன்று நொடிக்கு 25 முறை வருவதால், தொகுப்பு ஊசலாடத் தொடங்குவதையே கண்டுகொள்ள முடிகிறது.

தமிழ்நாட்டின் புகளூரில் வந்திறங்கும் 800 கிலோவோல்ட் நேர்திசைத் தடம், கட்டுப்பாட்டின் பலத்துக்கு இன்னொரு சான்று. மாறுதிசைத் தடங்களில் மின்சாரம் தனக்கு எளிதான வழிகளில் தானே பிரிந்து பாயும். இதிலோ எவ்வளவு, எந்தத் திசையில் என்று கட்டுப்பாட்டு அறையே ஆணையிடலாம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 6,000 மெகாவாட் வரை இங்கே கொண்டுவரலாம். ஆடிக் காற்றில் நம் காற்றாலைகளின் உற்பத்தி தேவையை மிஞ்சினால், திசையைத் திருப்பி வடக்கே அனுப்பலாம். நாம் தனித்தே இருந்திருந்தால், அந்த மிகுதியில் பெரும்பகுதியைக் காற்றாலைகளை நிறுத்தித்தான் சமாளித்திருக்க வேண்டும்.