'இன்சிடென்ட் கமாண்டர்' சான்றிதழுக்கு ஒன்றரை லட்சம் கட்டலாமா?

கேள்வி: மகனுக்கு 18 வயது. பிளஸ் டூ, பயாலஜி-மேத்ஸ் குரூப், 71 சதவீதம். வெள்ளத்தில் படகில் போய் மீட்பது, தீயணைப்பு என்று அதிலேயே நிற்கிறான். மூன்று மாதத்தில் 'இன்சிடென்ட் கமாண்டர் டிப்ளமோ', கட்டணம் ஒன்றரை லட்சம், முடித்ததும் வளைகுடாவில் வேலை என்று ஒரு தனியார் நிறுவனம் சொல்கிறது. கட்டலாமா? உயிருக்கு ஆபத்தான வேலையாச்சே என்ற பயமும் இருக்கிறது. — ஒரு தாய், வியாசர்பாடி

அம்மா, பணத்தை இப்போது கட்டாதீர்கள். பையனின் ஆசைக்கும் தடை போடாதீர்கள். ஆசை நல்ல ஆசைதான், அதற்குக் காட்டப்பட்ட வாசல்தான் தவறு.

இன்சிடென்ட் கமாண்டர் என்பது வேலையின் பெயர் அல்ல. விபத்தோ பேரிடரோ நடந்த இடத்தில் ஒருவர் சில மணி நேரத்துக்கோ சில நாட்களுக்கோ ஏற்கிற பொறுப்பு அது. தீயணைப்பு நிலைய அலுவலர், தாசில்தார், ஆலையின் ஷிப்ட் இன்சார்ஜ் என ஏற்கெனவே ஒரு பணியில் இருப்பவர்தான் அதை ஏற்பார். ஒரு நாள்கூட தண்ணீர்க் குழாயைப் பிடிக்காத, ஒரு ஸ்ட்ரெச்சரைக்கூடத் தூக்காத 18 வயதுப் பையனிடம் சான்றிதழைப் பார்த்து நாற்பது பேரை ஒப்படைக்க யாரும் முன்வரமாட்டார்கள். முதலில் ஒரு சேவை, அதற்குள் அனுபவம், அதன்மேல் கமாண்ட் பயிற்சி. இந்த வரிசையை மாற்றிச் சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

பயிற்சி பயனற்றது என்று நினைத்துவிடாதீர்கள். 1970-ல் தெற்கு கலிபோர்னியாவில் 13 நாட்கள் எரிந்த காட்டுத்தீயில் 16 பேர் இறந்தார்கள், எழுநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஆளும் வண்டியும் வந்து குவிந்தும், ஒவ்வொரு துறையும் தனி வயர்லெஸ், தனிச் சொற்கள், தனி மேலதிகாரி என்று இயங்கியதால் ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியவில்லை. அந்தக் குழப்பத்தை ஆராய்ந்து உருவானதுதான் இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம். நம் நாட்டில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010 ஜூலையில் இதை நம் நிர்வாகத்துக்கு ஏற்ப மாற்றி, 'இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம்' என்ற வழிகாட்டு நெறிமுறையாக வெளியிட்டது. மாவட்டத்தில் கலெக்டர் பொறுப்பு அதிகாரி. அவர் கீழ் இன்சிடென்ட் கமாண்டர். கமாண்டருக்குப் பக்கத்தில் தகவல்-ஊடகம், தொடர்பு, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு அலுவலர். கீழே ஆபரேஷன்ஸ், பிளானிங், லாஜிஸ்டிக்ஸ் என மூன்று பிரிவுகள். அமெரிக்க முறையில் நிதி நான்காவது தனிப் பிரிவு. இங்கே அது லாஜிஸ்டிக்ஸுக்குள் ஒரு கிளை. அமெரிக்க வீடியோக்களை மட்டும் பார்த்துவிட்டு இங்கே நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான்.

வகுப்பில் அப்படி என்ன சொல்லித் தருகிறார்கள்? படகு ஓட்டுவதும் கயிற்றில் இறங்குவதும் இதில் வராது. அவை வேறு பயிற்சிகள். இங்கே கற்பது ஆளை எண்ணுவது, தகவலைச் சரியாகச் சொல்வது, எழுதி வைப்பது, பொறுப்பைக் கைமாற்றுவது. கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் களத்தில் உயிர் போவது பெரும்பாலும் இவை தவறும்போதுதான்.

ஆளை எண்ணுவதையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் நேரடியாகக் கவனிக்க வேண்டியது 3 முதல் 7 பேர், சரியான அளவு 5. மாநகராட்சிப் பள்ளியில் நிவாரண முகாம், 40 தன்னார்வலர்கள் வந்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு ஒரு தலைவர் என்றால் 8 தலைவர்கள். எட்டு ஏழைத் தாண்டிவிட்டது, எனவே அவர்களுக்கு மேலே இருவர். அந்த இருவர் மட்டும் முகாம் பொறுப்பாளரிடம் பேசுவார்கள். இப்படிப் பிரிக்காத முகாமில் நாற்பது பேரும் ஒருவரையே சுற்றி "சார், அரிசி எங்கே, சார், பால் பவுடர் எங்கே" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவருக்கு அடுத்த நாளை யோசிக்க நேரமே கிடைக்காது.

அடுத்தது வயர்லெஸ். அழைக்கப்படுபவர் பெயர் முதலில், அழைப்பவர் பெயர் பிறகு: "வேளச்சேரி கமாண்ட், இது படகு இரண்டு." ரகசியக் குறியீட்டு எண்கள் கூடாது, எல்லாத் துறைக்கும் புரியும் சாதாரணப் பேச்சுதான். எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும்: "மீட்க வேண்டியவர்கள் ஒன்று-ஆறு, பதினாறு பேர். முதல் மாடி. ஒருவர் டயாலிசிஸ் நோயாளி." கேட்டவர் "ஓகே, புரிந்தது" என்று மட்டும் சொன்னால் பயிற்சியாளர் அங்கேயே நிறுத்திவிடுவார். பதினாறு, முதல் மாடி, டயாலிசிஸ் ஒருவர் என்று மூன்றையும் திருப்பிச் சொன்னால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. டயாலிசிஸ் என்ற ஒரு சொல் நடுவில் விழுந்துபோனால், அந்த நோயாளி எல்லோருடனும் கல்யாண மண்டபத்து முகாமில் இறக்கிவிடப்படுவார். அவர் போக வேண்டியது மருத்துவமனைக்கு.

பொறுப்பைக் கைமாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். முதலில் வந்து சேரும் அலுவலர், பதவியில் சிறியவராக இருந்தாலும், அந்த நிமிடம் அவர்தான் கமாண்டர். மேலதிகாரி வந்து வண்டியிலிருந்து இறங்கியதாலேயே பொறுப்பு மாறிவிடாது. என்ன நடந்தது, இதுவரை என்ன செய்தோம், யார் எங்கே நிற்கிறார்கள், என்ன கேட்டு அனுப்பியிருக்கிறோம், எங்கே ஆபத்து மீதமிருக்கிறது என்பதை நேருக்கு நேர் சொல்லி, நெறிமுறையில் உள்ள நிலவரச் சுருக்கப் படிவமான படிவம் 001-ல் வரைபடத்தோடு கொடுத்து, "14:20 முதல் கமாண்ட் இவரிடம்" என்று வயர்லெஸில் எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் ஒரே களத்தில் இரண்டு தலைவர்கள். ஒருவர் உள்ளே போ என்பார், இன்னொருவர் வெளியே வா என்பார்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. செய்தி கேட்ட எல்லா வண்டிகளும் நேரே விபத்து வாசலுக்கே வந்துவிடும். முதல் தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் ஆம்புலன்ஸ், அதன் பின்னால் ஜீப், கடைசியில் தண்ணீர் லாரி. சென்னையின் சந்துகளில் அப்புறம் எதுவும் திரும்ப முடியாது. இதற்குத்தான் 'ஸ்டேஜிங் ஏரியா' என்ற காத்திருப்பு இடம்: சற்றுத் தள்ளி, வண்டி திரும்ப இடமுள்ள மைதானமோ அகலச் சாலையோ. வந்தவர் பெயரைப் பதிந்துவிட்டு நிற்பார், கூப்பிட்டால் மட்டும் போவார். வாயுக் கசிவு என்றால் அந்த இடம் காற்று வரும் திசையில் இருந்தாக வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து வீட்டைவிட்டு ஓடினார்கள். அப்படிப்பட்ட இரவில் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் வண்டியை நிறுத்தினால், மீட்க வந்தவரையே மீட்க வேண்டியதாகிவிடும்.

இனி உங்கள் மகனுக்கு முன்னால் உள்ள வழிகள்.

பயாலஜி படித்திருப்பதால் நான் முதலில் சொல்வது பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி. மூன்று ஆண்டு படிப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் உண்டு, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு. முடித்தால் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கும் ஆம்புலன்ஸ் சேவைக்கும் போகலாம். பலர் அடிபட்ட இடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று நோயாளிகளைத் தரம் பிரிப்பது கமாண்ட் அமைப்பின் முக்கியமான கண்ணி. மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால், நகத்தை அழுத்தி விட்டபின் நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆனால், சொன்னதைச் செய்ய முடியாவிட்டால், மூன்றில் எது இருந்தாலும் சிவப்பு, அதாவது உடனே கவனிக்க வேண்டியவர். இதைக் கை பழகக் கற்றவருக்கு எந்தக் களத்திலும் மதிப்பு உண்டு. பட்டம் கையில் இருந்தால், சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் தீயணைப்பு நிலைய அலுவலர் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-ல் வரும் தீயணைப்புத் துறை மாவட்ட அலுவலர் பதவி ஆகிய கதவுகளும் திறக்கும். கமாண்ட் பயிற்சி உண்மையில் பயன்படும் நாற்காலிகள் இவை.

உடனே சம்பளம் வேண்டும் என்றால் தீயணைப்பாளர் பணி. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே பொதுத் தேர்வு. பத்தாம் வகுப்பு போதும், தமிழ்த் தகுதித் தேர்வு கட்டாயம். உடல்திறன் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பலர் எழுத்துத் தேர்வில் தேறி இந்த ஓட்டத்தில் நின்றுவிடுகிறார்கள். தேர்வு அறிவிப்பு வந்தபிறகு ஓடத் தொடங்குவதே காரணம். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையில் (சி.ஐ.எஸ்.எஃப்.) கான்ஸ்டபிள்-ஃபயர் பதவியும் உண்டு. அறிவியல் பாடத்தோடு பிளஸ் டூ, வயது 18 முதல் 23, ஓட்டம் 5 கிலோமீட்டர் 24 நிமிடம்.

தேசியப் பேரிடர் மீட்புப் படை (என்.டி.ஆர்.எஃப்.) பற்றி ஒரு விஷயம். அரக்கோணத்தில் அதன் 4-வது பட்டாலியன் இருப்பதால் அங்கே நேரே விண்ணப்பிக்கலாம் என்று நிறையப் பிள்ளைகள் நம்புகிறார்கள். பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படைகளில் இருப்பவர்கள்தான் அயல்பணியில் அங்கே வருகிறார்கள். "என்.டி.ஆர்.எஃப்.பில் நேரே சேர்த்துவிடுகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மணலி, எண்ணூர்ப் பக்க ஆலைகளில் வேலை என்றால் பாதை வேறு. பொறியியலோ அறிவியல் பட்டமோ எடுத்து, சில ஆண்டு ஆலை அனுபவம் பெற்று, தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் தொழிற்பாதுகாப்பு அட்வான்ஸ்டு டிப்ளமோ. ஆலைக்குள் அவசர நிலை வரும்போது யார் கட்டளையிடுவது என்பதை உள்வளாகத் திட்டத்தில் எழுதி வைக்க 1989-ம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. அதனால் இந்தப் பயிற்சிக்கு அங்கே நிஜமான தேவை இருக்கிறது.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஆபத்து இல்லாத வேலை இது என்று சொன்னால் அது பொய். ஆனால் இந்த அமைப்பே பணியாளரின் உயிரை முன்வைத்துத்தான் கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே போன ஒவ்வொருவர் பெயரும் நேரமும் வெளியே ஒருவர் கையில் எழுதப்பட்டிருக்கும். பாதுகாப்பு அலுவலர் ஆபத்து என்று கண்டால் யாரையும் கேட்காமல் அந்த வேலையை அங்கேயே நிறுத்தலாம். தனியே போய் ஹீரோ ஆவது இங்கே பெரிய குற்றம். மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்டபிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால் அவன் இந்த வேலைக்கு ஏற்றவன் என்று நம்பலாம்.

கல்லூரி திறக்கும்வரை அவன் செய்ய வேண்டியவை அதிகச் செலவில்லாதவை. எழும்பூர் செஞ்சிலுவைச் சங்கத்தில் முதலுதவிப் பயிற்சி. 'ஆப்த மித்ரா' தன்னார்வலர் பயிற்சி மாவட்டத்தில் அறிவிக்கப்பட்டால் பெயர் கொடுக்கட்டும், 12 நாள் பயிற்சி அது. நீச்சல் தெரியாவிட்டால் இந்தக் கோடையிலேயே கற்கட்டும். 2010 நெறிமுறை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; அந்த நிறுவனம் ஒன்றரை லட்சத்துக்குச் சொல்லித் தரப்போவதன் அடிப்படை அதுதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும் டேங்கர் லாரிகளின் பின்பலகையில் நான்கு இலக்க எண் இருக்கும்: 1203 பெட்ரோல், 1075 எல்.பி.ஜி., 1005 அமோனியா. பார்த்ததும் சொல்லும் அளவுக்குப் பழகட்டும்.

அந்த நிறுவனத்தோடு பேச இன்னும் மனமிருந்தால் நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். டிப்ளமோவை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசு அமைப்பு? மொத்த நேரத்தில் களப்பயிற்சி எத்தனை மணி? பயிற்சியாளர்கள் எந்தத் துறையில் எத்தனை ஆண்டு பணியாற்றியவர்கள்? வளைகுடா வேலை என்றால், ஆள் அனுப்புவதற்கான மத்திய வெளியுறவு அமைச்சகப் பதிவு எண் என்ன? வாய்ப்பேச்சாகப் பதில் வந்தால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பணம் எதுவும் ஏற்கெனவே கொடுத்திருந்தால், ரசீதை எடுத்துக்கொண்டு, வகுப்பு தொடங்கும் முன்பே பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.