மறு: நீலகிரி மாவட்டம் கேத்தியில் வீட்டுக்குப் பின்னால் மண் வெடிப்பு, யாரிடம் போவது?

நண்பரே, மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது, காவல் நிலையத்தில் கேட்டால் தீயணைப்பு நிலையத்தைக் காட்டுகிறார்கள், பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் ராணுவத்திடமே போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போக வேண்டாம். ராணுவமும் சரி, அரக்கோணத்தில் இருக்கும் தேசிய பேரிடர் மீட்புப் படையும் சரி, அரசு நிர்வாகம் கேட்டால்தான் களத்தில் இறங்கும். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தலைவர் ஆட்சியர். ஆகவே நீங்கள் தட்ட வேண்டிய கதவு வருவாய்த்துறை.

இன்றே மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-ஐ அழைத்துப் பதிவு செய்யுங்கள். வட்டாட்சியரிடம் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்ச்சொல்லை யாரும் கோப்பில் வைப்பதில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையை (GSI) கொண்டு இடத்தைப் பார்வையிடச் செய்யும்படி அதிலேயே கோருங்கள். அந்தத் துறை 2024 முதல் நீலகிரிக்கு நிலச்சரிவு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஆனால் அது வட்டார அளவிலானது, உங்கள் மேட்டைப் பற்றிச் சொல்லாது.

வெடிப்பின் இருபுறமும் முளைக்குச்சி அடித்து, இடைவெளியைக் காலையும் மாலையும் அளந்து எழுதுங்கள். மழைநீர் உள்ளே இறங்காமல் தார்ப்பாய் போடுங்கள். அடுப்படித் தண்ணீரையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். இடைவெளி கூடினாலோ, கதவு திடீரென இறுகினாலோ, மேட்டின் அடியில் கலங்கல் நீர் கசிந்தாலோ யார் உத்தரவுக்கும் காத்திராமல் வெளியேறுங்கள். அவசர உதவி எண்ணான 112-ஐப் பிறகு அழைக்கலாம். 2009 நவம்பர் மண்சரிவுகளில் நம் மாவட்டம் 40-க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. குழந்தைகளையும் முதியவர்களையும் இன்றிரவே உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மனுவை எழுதுவதில் சிக்கல் இருந்தால் இங்கேயே கேளுங்கள், வாசகம் எழுதித் தருகிறேன்.