சிப்செட் ஃபேன் நின்றால் போர்டையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: குடியாத்தத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். எக்ஸ்570 மதர்போர்டு, ரைசன் பிராசஸர். போர்டின் மேலேயே இருக்கும் சின்ன ஃபேன் கொஞ்ச நாளாகக் கரகரவென்று கத்தியது; இப்போது சுற்றவே இல்லை. போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். ஃபேனை மட்டும் மாற்ற முடியாதா?

பதில்: தாராளமாக மாற்றலாம். கம்ப்யூட்டர் வழக்கம்போல ஆன் ஆகிறது என்றால் போர்டை மாற்ற வேண்டியதே இல்லை.

2019-ல் வந்த எக்ஸ்570 போர்டுகளில் பி.சி.ஐ.இ. 4.0 (கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றை இணைக்கும் பாதை) வேகத்துக்காக சிப்செட் (பிராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) 11 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கிறது. அந்தச் சூட்டை இறக்கத்தான் பெரும்பாலான கம்பெனிகள் இந்தக் குட்டி ஃபேனை வைத்தன. பல போர்டுகளில் அது கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே, சூடான காற்றிலேயே கிடக்கிறது. அறைச் சூடு எத்தனை டிகிரி ஏறுகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி சிப்பிலும் ஏறும். வேலூர்ப் பக்கத்து மே மாதத்தில், ஏ.சி. இல்லாத அறையில், ஃபேன் சுற்ற உதவும் பேரிங்கின் எண்ணெய் சீக்கிரம் வறண்டு போவதில் ஆச்சரியமில்லை.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். சில போர்டுகளில் சிப் சூடேறும் வரை ஃபேன் சுற்றாதபடி அமைப்பு இருக்கும். பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் போர்டின் செட்டிங் திரை) போய், சிப்செட் ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பூஜ்யம் என்றால் கரண்டை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திவிட்டு, பல்குத்தும் குச்சியால் இறக்கையைத் தள்ளுங்கள். பிசுபிசுவென்று நகர்ந்தால் பேரிங் போயிற்று. தடையில்லாமல் சுற்றினால் மோட்டாரோ வயரோ காரணம். (நூல், முடி சிக்கியிருந்து அதற்காகப் புது ஃபேன் வாங்கியவர்களும் உண்டு.)

கையில் அவசர வேலை இருந்தால், ஃபேனின் நடு ஸ்டிக்கரை உரித்து ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடலாம். கல்யாண சீசனை ஓட்டிவிடும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்துவிடும்.

புது ஃபேன் வாங்கும்போதுதான் கவனம் தேவை. பழைய 40 மி.மீ. சதுர ஃபேன் என்றால் சுலபம்: திருகுத் துளைகளுக்கு நடுவே 32 மி.மீ., கனம் பெரும்பாலும் 10 மி.மீ. எக்ஸ்570-ல் இருப்பது பெரும்பாலும் சட்டமில்லாத, தட்டையான வகை. மூன்று திருகில் நிற்கும். ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண், வோல்ட், ஆம்பியர் மூன்றையும் போட்டோ எடுங்கள். இறக்கையின் விட்டம், துளைக்குத் துளை தூரம், உயரம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். பழையதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போவது, ஆன்லைனில் குத்துமதிப்பாக வாங்குவதைவிட நல்லது.

கனெக்டர் பொருந்தாவிட்டால் பழைய ஃபேனின் கனெக்டரை வெட்டி ஒட்டுவார்கள். அதிகம் கெடுவது இங்கேதான். பழைய மூன்று வயர் முறையில் கறுப்பு எர்த், சிவப்பு 12 வோல்ட், மஞ்சள் வேகத்தைச் சொல்லும் வயர். நான்கு வயர் முறையிலோ கறுப்பு எர்த், மஞ்சள்தான் 12 வோல்ட், பச்சை வேகம், நீலம் கட்டுப்பாடு. மஞ்சளோடு மஞ்சளைச் சேர்த்தால் 12 வோல்ட் வயர் வேகம் சொல்லும் வயரோடு சேர்ந்துவிடும். நிறத்தை நம்பாமல் பின் வரிசையைப் பாருங்கள். இரண்டு முறையிலும் முதல் பின் எர்த், இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது வேகம்.

கழற்றும்போது கிராபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டு மேல்மூடியைக் கழற்றுங்கள். சில போர்டுகளில் மூடியின் திருகு பின்பக்கம் இருக்கும்; அப்போது போர்டை வெளியே எடுக்காமல் ஆகாது. ஃபேனின் திருகுகளை மட்டும் கழற்றுங்கள், ஹீட்சிங்க்கை (சிப்பின் சூட்டை வாங்கும் உலோகக் கட்டி) அசைக்காதீர்கள். அசைத்துவிட்டால் அடியில் இருக்கும் தெர்மல் பேடை (சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டு) அதே கனத்தில் புதிதாகப் போட வேண்டும். பேடுக்குப் பதில் பேஸ்ட் தடவினால் இடைவெளி விழுந்து சிப் இன்னும் சூடாகும்.

பொருத்தமான ஃபேன் கிடைக்கவே இல்லையா? 80 மி.மீ. கேபினட் ஃபேன் ஒன்றை ஹீட்சிங்க்கைப் பார்த்து ஊதும்படி பிளாஸ்டிக் டேக்கால் கட்டி, கேபினட் ஃபேன் பின்னில் செருகுங்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் குட்டி ஃபேனைவிட மெதுவாகச் சுற்றியே போதுமான காற்றைத் தரும், சத்தமும் குறைவு. கிராபிக்ஸ் கார்டில் உரசாமல் இருந்தால் சரி.

மாற்றிய பிறகும் சுற்றவில்லை என்றால், பயாஸில் முழு வேகம் வைத்து மல்டிமீட்டரால் முதல் இரண்டு பின்களுக்கு நடுவே அளங்கள். 12 வோல்ட் வராவிட்டால் பெரும்பாலும் அந்தப் பின் மட்டும் செத்திருக்கும். அப்போதும் போர்டு மாற்ற வேண்டாம்: ஃபேனை வேறொரு ஃபேன் பின்னில் செருகிவிட்டு, பயாஸில் சிப்செட் ஃபேன் எச்சரிக்கையை அணைத்துவிடுங்கள்.