ரத்தத்தில் எடுத்த மருந்து: மாமனாருக்கு என்ன சொல்வது?

கேள்வி: எட்டு வயது மகனுக்கு ஹீமோஃபிலியா, ரத்தம் சரியாக உறையாத நோய். ஊட்டி பெரியாஸ்பத்திரியில் ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபேக்டர் எட்டு ஊசி போடுகிறோம். "ஆயிரம் பேர் ரத்தத்தைக் கலந்து எடுக்கிற மருந்து, எய்ட்ஸ் வந்துவிடும்" என்று மாமனார் தடுக்கிறார். போன வாரம் முட்டி வீங்கியும் ஒரு நாள் தள்ளிப் போட்டோம். அவருக்கு என்ன பதில் சொல்வது?
- ஒரு தாய், கோத்தகிரி

பதில்: முதலில் முட்டியைப் பார்ப்போம், அம்மா. வீங்கும்வரை காத்திருக்கவே கூடாது. "உள்ளே குறுகுறுங்குது" என்று பையன் சொன்னாலே ஃபேக்டர் போடுகிற நேரம் வந்துவிட்டது. மூட்டுக்குள் ரத்தம் திரும்பத் திரும்பக் கசிந்தால் குருத்தெலும்பு அரித்துப்போகும். கோத்தகிரி மேட்டில் ஏறி இறங்க வேண்டிய கால் அது.

உங்கள் மாமனார் வெறும் வதந்தியைப் பேசவில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் என்று பல நாடுகளில் இந்த மருந்தாலேயே ஆயிரக்கணக்கான ஹீமோஃபிலியாக்காரர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ரத்த வங்கியில் வேலை பார்த்தவள் நான். அந்த வரலாற்றை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. மறைக்காமல் ஒத்துக்கொண்டு, பிறகு மாறியதைச் சொல்லுங்கள்.

இன்று தானம் தந்தவர்களின் ரத்தத்தைப் பரிசோதிப்பதோடு நிறுத்துவதில்லை. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்து புரதத்தைப் பிரிக்கும்போது டி.என்.பி.பி. என்ற கரைப்பானையும் ஒரு டிடர்ஜென்ட்டையும் சேர்த்துப் பல மணி நேரம் வைக்கிறார்கள். எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி ஆகிய மூன்று வைரஸ்களுக்கும் வெளியே கொழுப்பு உறை உண்டு. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு பட்டதுபோல அது கரைந்துவிடும். உறை போன வைரஸால் செல்லுக்குள் நுழைய முடியாது. ரசாயனத்தைப் பிறகு பிரித்து நீக்கிவிடுவார்கள்.

ஹெபடைடிஸ் ஏ, பார்வோ பி19 என்ற வேறு இரண்டு வைரஸ்களுக்கும் உறையே கிடையாது. சோப்புக்கு அசையாது. அதனால் இன்னொரு படி வேண்டும். சிலர் உலர்ந்த பொடியை 80 டிகிரியில் 72 மணி நேரம் சூடாக்குகிறார்கள். சிலர் நானோமீட்டர் கணக்கில் துளையுள்ள வடிகட்டியில் விடுகிறார்கள். எச்.ஐ.வி. சுமார் 100 நானோமீட்டர், சிக்கிவிடும். பார்வோ இருபதைச் சுற்றியே இருப்பதால் தப்பப் பார்க்கும். ஒவ்வொரு படியையும் தனி ஆய்வகத்தில் சிறு அளவில் செய்து, வேண்டுமென்றே வைரஸைக் கலந்து, எவ்வளவு குறைகிறது என்று அளக்கிறார்கள். பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் அந்தப் படியை நம்பத்தக்கது என்பார்கள்.

குன்னூர் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்டை மாமனார் நன்றாக அறிந்திருப்பார், 1907-லிருந்து இருக்கிறது. அந்த பாஸ்டியர் பெயரால் வழங்கும் சூட்டு முறையில்தான் பிளாஸ்மாவிலிருந்தே எடுக்கும் அல்புமின் என்ற இன்னொரு புரத மருந்தை 60 டிகிரியில் பத்து மணி நேரம் வைக்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

பையனுக்கு ஹெபடைடிஸ் ஏ, பி தடுப்பூசி போட்டாயிற்றா? இல்லையென்றால் டாக்டரிடம் கேளுங்கள். ஹீமோஃபிலியா என்று நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தசையில் குத்தாமல் தோலுக்கடியில் போட்டு, இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், தேதி மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை ஊட்டிக்குப் போகும்போது மாமனாரையும் கூட்டிப் போங்கள். அவருடைய சந்தேகத்தை அவரே டாக்டரிடம் கேட்கட்டும்.